சான் சிமோன் கோமகனும் பூட்டி வைத்த காகிதங்களும்

சான் சிமோன் என்றதும் நம்மில் பலருக்கு நினைவுக்கு வருபவர், ஃபூரியே, ஓவன் ஆகியோரோடு சேர்த்துச் சொல்லப்படும் ஆரம்பகால சோசலிசச் சிந்தனையாளர் செயின்ட் சைமன்தான். அவர் 1760-இல் பிறந்தவர். நான் இங்கே எழுதுவது, அதே குலத்தின் வேறொரு கிளையில் அவருக்கு 85 ஆண்டுகள் முன்னதாகப் பிறந்த லூயி த ரூவ்ருவா என்பவரைப் பற்றி. சான் சிமோனின் இரண்டாம் டியூக்கான இவர், பதினான்காம் லூயியின் வெர்சாய் அரண்மனையில் வாழ்ந்து, அங்கே கண்டதையும் கேட்டதையும் யாருக்கும் தெரியாமல் எழுதி வைத்துவிட்டுப் போனவர். பிறப்பால் வரும் படிநிலையே உலகத்தின் ஒழுங்கு என்று சாகும்வரை நம்பினார். அந்த நம்பிக்கையில் எனக்குத் துளியும் உடன்பாடில்லை. இருந்தும் அவருடைய நினைவுக் குறிப்புகளை, கிடைத்த மொழிபெயர்ப்புகள் வழியாகவேனும், பல ஆண்டுகளாக விடாமல் படித்து வருகிறேன். எனக்கு மிகவும் அந்நியமான அந்த நம்பிக்கைதான் அவருக்கு அத்தனை கூரிய பார்வையைக் கொடுத்தது என்பதைப் படிக்கப் படிக்க உணர்ந்தேன்.

அவர் 1675-ஆம் ஆண்டு ஜனவரி 16-இல் பாரிஸில் பிறந்தார். அப்போது தந்தை குளோத் எழுபதை நெருங்கிக்கொண்டிருந்தார். குளோத் இளமையில் பதின்மூன்றாம் லூயியின் அரண்மனையில் ஏவலராக இருந்தவர். வேட்டையின்போது அரசர் குதிரை மாற்ற விரும்பினால், புதிய குதிரையைத் தலைமாற்றி, பழைய குதிரையின் வால்பக்கம் இதன் தலை வரும்படி ஒட்டி நிறுத்துவாராம். அரசர் தரையில் கால் வைக்காமலேயே ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குத் தாவிவிடலாம். இந்தச் சாமர்த்தியம் அரசரின் கண்ணில் பட்டது. சலுகைகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. 1635-இல் டியூக் பட்டமும், அதனுடன் 'பேர்' எனப்படும் மிக உயர்ந்த குடிநிலையும் கிடைத்தன. ஆக, டியூக்குகளின் பழம்பெருமைக்காகப் பிற்காலத்தில் மூச்சைப் பிடித்துக்கொண்டு வாதாடிய மகனின் பட்டத்துக்கு அவர் பிறந்தபோது வெறும் 40 வயதுதான். இந்தப் பட்டத்தைத் தந்த பதின்மூன்றாம் லூயியை அவர் தெய்வத்துக்கு அடுத்தபடியாக வைத்துப் போற்றினார். அந்த அரசருக்காக ஆண்டுதோறும் நடக்கும் நினைவு வழிபாட்டுக்குத் தவறாமல் போய் வந்தார். அவரோடு ஒப்பிட்டுப் பார்த்தே மகன் பதினான்காம் லூயியை வாழ்நாள் முழுவதும் எடைபோட்டார். பதினான்காம் லூயி அவருக்கு ஞானத்தந்தை என்பதும் அந்தத் தராசைச் சாய்க்கவில்லை.

இளமையில் எல்லாப் பிரபு மைந்தர்களையும்போல் படையில் சேர்ந்தார். 1692-இல் நாமூர் முற்றுகையிலும், மறு ஆண்டு நேர்வின்டன் போரிலும் இருந்தார். 1693-இல் தந்தை இறந்தபோது பதினெட்டு வயதில் டியூக் ஆனார். 1694 ஜூலையில், ரைன் ஆற்றங்கரைப் படைமுகாம் ஒன்றில், முந்தைய தலைமுறையைச் சேர்ந்த பாசொம்பியேர் மார்ஷலின் நினைவுக் குறிப்புகளைப் படித்துக்கொண்டிருந்தவருக்குத் தாமும் அப்படி எழுத வேண்டும் என்று தோன்றியது. தாம் எழுதத் தொடங்கிய மாதத்தையும் இடத்தையும் அவரே குறித்து வைத்திருக்கிறார். அந்த முகாமின் படைத்தலைவராக இருந்த லோர்ஜ் மார்ஷலின் மகளை அடுத்த ஆண்டு ஏப்ரலில் மணந்தார். கணக்குப் பார்த்து நிச்சயிக்கப்பட்ட திருமணம்தான்; ஆனால் மாரி கப்ரியேல் என்ற அந்தப் பெண்மேல் அவர் வைத்த அன்பு 48 ஆண்டுகள் குறையவில்லை. பிறரைப் பற்றி எழுதும்போது அமிலமாகச் சுடும் அதே பேனா, மனைவியைப் பற்றி எழுதும் இடங்களில் கனிந்துவிடுகிறது.

அவருடைய எழுத்தின் சூட்சுமத்தை அவரே சொல்லும் ஒரு சம்பவத்தில் பார்க்கலாம். அவருக்கு ஆன்மிக வழிகாட்டியாக இருந்தவர் லா ட்ராப் துறவிமடத்தின் தலைவராக இருந்த ரான்சே. கடும் நோன்பும் மௌனமும் காத்த அந்தத் துறவி தம்மை ஓவியமாக வரைய ஒருபோதும் ஒப்பமாட்டார். அவர் முகம் மறைந்துபோகக் கூடாது என்று தவித்த சான் சிமோன், 1696-இல் புகழ்பெற்ற ஓவியர் யாசான்த் ரிகோவைப் படை அதிகாரி என்று சொல்லி மடத்துக்கு அழைத்துச் சென்றார். தங்களைப் பார்க்க ஏங்குகிறார், ஆனால் மிகவும் திக்குவார், அதனால் அதிகம் பேசமாட்டார் என்று ரான்சேயிடம் முன்கூட்டியே சொல்லி வைத்தார். ஓவியர் வாய் திறக்காமல் உட்கார்ந்து துறவியின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு வெளியே வந்து, வேறோர் அறையில் தயாராக வைத்திருந்த துணியில் நினைவிலிருந்து தீட்டினார். மீண்டும் போய்ப் பார்த்தார், மீண்டும் வந்து தீட்டினார். படம் முடிந்த பின் மனச்சாட்சி உறுத்த, சான் சிமோன் கடிதம் எழுதி உண்மையை ஒப்புக்கொண்டார். துரோகத்தை விரும்பித் துரோகியை வெறுத்த ரோமானியப் பேரரசர் ஒருவர் இருந்தார், நானோ துரோகியை விரும்புகிறேன், துரோகத்தை வெறுக்கிறேன் என்று ரான்சே பதில் எழுதினார். அரண்மனையில் சான் சிமோன் செய்ததும் ரிகோ செய்த வேலைதான் என்பது என் எண்ணம். கூடத்தில் நின்று முகங்களைப் பார்ப்பார். பின்கட்டு அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு எழுதுவார். யாரும் அவருக்காக அசையாமல் உட்கார்ந்து காட்டியதில்லை.

1702-இல் தம்மைவிட அனுபவம் குறைந்தவர்களுக்குப் பதவி உயர்வு கிடைத்துத் தமக்குக் கிடைக்காமல் போனபோது, உடல்நலத்தைக் காரணம் காட்டிப் படையிலிருந்து விலகினார். படையை விட்டுப் போகிறவர்களைப் பதினான்காம் லூயி எளிதில் மன்னிப்பதில்லை. 'இதோ, இன்னுமொருவர் நம்மை விட்டுப் போகிறார்' என்று அமைச்சர் ஷாமியாரிடம் சொன்னதோடு நிறுத்திக்கொண்டார். சில நாள் கழித்து அஞ்சியபடியே வெர்சாய் திரும்பிய சான் சிமோனுக்கு அன்றிரவு நேர்ந்ததை நான் எத்தனை முறை படித்தாலும் அலுக்காது. அரசர் உறங்கப் போகும் முன் பிரபுக்கள் சூழ்ந்து நிற்கும் சடங்கு தினமும் உண்டு. அரசர் பிரார்த்தனை செய்யும்போது மதகுரு மெழுகுவர்த்தித் தண்டைப் பிடித்திருப்பார். பிரார்த்தனை முடிந்ததும் அது முதன்மைப் பணியாளரின் கைக்கு வரும். அரசர் எழுந்து, சுற்றிலும் ஒரு பார்வை பார்த்து, நிற்பவர்களில் ஒருவர் பெயரை உரக்கச் சொல்வார். பெயர் சொல்லப்பட்டவர் கையுறையைக் கழற்றிவிட்டு முன்னே வந்து, அரசர் உடை களையும் அந்தச் சில நிமிடங்கள் மட்டும் விளக்கைப் பிடித்திருப்பார். அவ்வளவுதான். ஆனால் அந்தச் சில நிமிடங்களுக்காகப் பெரும் பிரபுக்கள் ஏங்கினார்கள்; வெளிநாட்டுத் தூதர்களுக்குக்கூட அது அரிதாகவே கிடைத்தது. அன்றிரவு அரசர் சொன்ன பெயர் சான் சிமோன். தம் எரிச்சல் வெளியே தெரியக்கூடாது என்பதற்காகவே அரசர் அப்படிச் செய்தார் என்றும், அடுத்த மூன்று ஆண்டுகளுக்கு அவரிடமிருந்து தமக்குக் கிடைத்த தயவு அது ஒன்றுதான் என்றும் சான் சிமோன் எழுதுகிறார். ஒன்றுமில்லாதவற்றுக்கு உயிர் கொடுக்கும் கலை அரசருக்குத் தெரிந்திருந்தது என்கிறார். வெர்சாய் ஆட்சிமுறையை இதைவிடச் சுருக்கமாக விளக்கிய இன்னொரு வாக்கியத்தை நான் கண்டதில்லை.

இப்படிப்பட்ட 'ஒன்றுமில்லாதவை'தான் அவருடைய உலகம். அரசியின் முன் டியூக்கின் மனைவி முக்காலியில் அமரும் உரிமை, மற்றவர்கள் நிற்க வேண்டிய கட்டாயம்; பாரிஸ் பார்லமென்ட் என்ற உயர் நீதிமன்றத்தின் தலைமை நீதிபதி, டியூக்குகளின் கருத்தைக் கேட்கும்போது தொப்பியைக் கழற்ற வேண்டுமா வேண்டாமா என்ற ஓயாத தகராறு; முன்னுரிமை வரிசையில் தம்மை முந்த முயன்ற லுக்சம்பூர் மார்ஷல்மேல் மற்ற டியூக்குகளோடு சேர்ந்து தொடுத்த வழக்கு. இவற்றுக்குப் பக்கம் பக்கமாக இடம் ஒதுக்குகிறார். முதலில் எனக்குப் பொறுமை இருக்கவில்லை. அந்தப் பகுதிகளைத் தாண்டிப் போய்விடுவேன். பிறகுதான் புரிந்தது: உண்மையான அதிகாரத்தையெல்லாம் அரசர் கையிலெடுத்துக்கொண்டு, பிரபுக்களுக்கு முக்காலியையும் தொப்பியையும் விட்டு வைத்திருந்தார். அமைச்சர் பதவிகளோ பெரும்பாலும் டியூக்குகளுக்குக் கீழான குடும்பங்களுக்குப் போயின. 'இழிந்த பூர்ஷ்வாக்களின் நீண்ட ஆட்சி' என்று அந்தக் காலத்தையே சான் சிமோன் வெறுப்போடு சொல்கிறார். எல்லாவற்றையும்விட அவருக்குப் பொறுக்காதது, ஆசைநாயகி மதாம் த மோந்தெஸ்பான் வழியாக அரசருக்குப் பிறந்த, திருமண உறவுக்கு வெளியிலான மகன்கள் மேன் டியூக்கும் துலூஸ் கோமானும் டியூக்குகளுக்கு மேலே உயர்த்தப்பட்டது. 1714-இல் அரியணை வாரிசுரிமையே அவர்களுக்கு வழங்கப்பட்டது. அவர்களை வளர்த்து ஆளாக்கியவரும், பின்னாளில் அரசரை ரகசியமாக மணந்தவருமான மதாம் த மான்தெனோனைப் பற்றி அவர் நியாயமாக ஒரு வரிகூட எழுதியதில்லை என்றே சொல்லலாம்.

ஆனால் அவரைப் பட்டப்பித்து பிடித்தவர் என்று சொல்லி ஒதுக்கிவிட முடியாது. புராட்டஸ்டன்டுகளுக்கு வழிபாட்டு உரிமை தந்திருந்த நாந்த் ஆணையை 1685-இல் ரத்து செய்து அவர்களை வதைத்ததை, தீவிரக் கத்தோலிக்கரான அவர் கடுமையாகக் கண்டித்தார். எல்லோர்மேலும் ஒரே வரி விதிக்க வேண்டும் என்று 1707-இல் எழுதி அரசரின் வெறுப்பைச் சம்பாதித்துக்கொண்ட கோட்டைப் பொறியாளர் வோபானை மனமாரப் புகழ்ந்தார். 1709 குளிர்காலத்தை அவர் சொல்லும் இடத்தைப் பாருங்கள். கணப்பு எரியும் அறைகளின் அலமாரிகளிலேயே காரமான மதுவும் வாசனைத் தைலமும் இருந்த புட்டிகள் உறைந்து வெடித்தன. ஒரு சிறிய படுக்கையறையில் இரவுணவு உண்டபோது, கணப்பின் மேல்பலகையில் வைத்திருந்த புட்டிகளிலிருந்து கோப்பைக்குள் பனிக்கட்டித் துண்டுகள் விழுந்தன. பிரபுக்களின் மேசையில் தொடங்கும் அந்த விவரிப்பு, பயிர்கள் பட்டுப்போய், தானியம் பதுக்கப்பட்டு, ஏழைகள் பட்டினியால் மடிந்த கதைக்குப் போய்ச் சேருகிறது.

1711 ஏப்ரல் 14 இரவு, அரசரின் ஒரே வாரிசான மகன் பெரியம்மையால் மெதோன் மாளிகையில் இறந்தார். அவரைச் சூழ்ந்திருந்தவர்கள் சான் சிமோனின் எதிரிகள். செய்தி வெர்சாய்க்கு வந்தபோது தமக்குள் பொங்கிய மகிழ்ச்சியையும், அதற்காகத் தாம் வெட்கப்பட்டதையும் அவர் மறைக்காமல் எழுதுகிறார். பிறகு விழி மட்டும் ஆகிவிடுகிறார். யார் உண்மையாக அழுகிறார், யார் கைக்குட்டையால் கண்ணைத் தேய்த்துச் சிவக்க வைக்கிறார், யார் மகிழ்ச்சியை மறைக்கத் தெரியாமல் திணறுகிறார் என்று ஒவ்வொரு முகமாகப் போகிறார். அரசரின் தம்பி மனைவி, அந்த நள்ளிரவில் முழு அரசவை உடை அணிந்து அலறிக்கொண்டு வருகிறார். உடை எதற்கு, அலறல் எதற்கு என்று அவருக்கே சரியாகத் தெரியாது. இந்த அமளியின் நடுவே, கூடத்திலிருந்த ஒரு படுக்கையின் ஓரத்தில் சாய்ந்திருந்த சீமாட்டி, அது அசைவதை உணர்ந்து துள்ளி எழுகிறார். திரையை விலக்கிக்கொண்டு பருத்த, வெற்றுக் கை ஒன்று வெளியே வருகிறது. அங்கே இரவுக் காவலுக்குப் படுத்திருந்த சுவிஸ் காவலர் பாதி உறக்கத்தில் விழித்து, பிரபுக்கள் கூட்டத்தைக் கண்டு திகைத்து, எழுவது மரியாதையல்ல என்று முடிவு செய்து மறுபடி போர்வைக்குள் போய்விடுகிறார். அரசகுல மரணத்தைச் சொல்லும் இடத்தில் இந்தக் கையை விட்டுவிடாமல் எழுதியதால்தான் அந்த இரவு இன்னும் நம் கண்முன் நிற்கிறது.

இறந்தவரின் மகனும் புதிய வாரிசுமான பர்கண்டி டியூக்மேல்தான் சான் சிமோனின் நம்பிக்கை முழுவதும் இருந்தது. பக்தியும் பொறுப்பும் மிக்க அந்த இளைஞருடன் ரகசியமாகச் சந்தித்து, நாட்டைச் சீர்திருத்தும் திட்டங்களைப் பேசினார். பத்தே மாதங்கள். 1712 பிப்ரவரி 12-இல் தட்டம்மையால் பர்கண்டி டியூக்கின் மனைவி, 18-இல் அவர், மார்ச் 8-இல் ஐந்து வயது மூத்த மகன் என்று மூவரும் போனார்கள். இரண்டு வயதுக் கைக்குழந்தை ஒன்று மட்டும் பிழைத்தது. பின்னாளில் பதினைந்தாம் லூயி ஆனது அந்தக் குழந்தைதான். துக்கத்தோடு அச்சமும் சேர்ந்துகொண்டது. சான் சிமோன் எழுதிக் கொடுத்திருந்த குறிப்புகள் இறந்தவரின் பேழையில் இருந்தன. அரசர் அந்தப் பேழையைத் திறக்கச் சொன்னார். நண்பர் பொவில்லியே டியூக், மிக நீண்ட சலிப்பூட்டும் ஆவணம் ஒன்றை மேலே வைத்துப் படித்துக்கொண்டே போக, அரசர் அலுத்துப்போய் மீதியை நெருப்பில் போடச் சொல்லிவிட்டார். ஒரு காகிதம் எப்படி மனிதனை அழிக்கும் என்பதை அன்று உணர்ந்தவர், அதன் பிறகும் எழுதுவதை நிறுத்தவில்லை.

1715 செப்டம்பர் 1-இல் பதினான்காம் லூயி இறந்தார். இளமைத் தோழரான ஆர்லேயான் டியூக் சிறுவன் அரசருக்காக ஆட்சிப் பொறுப்பேற்க, சான் சிமோன் ஆட்சிக் குழுவில் இடம்பெற்றார். நிர்வாகி என்ற அளவில் அவர் சாதித்தது குறைவு. தோழரோ அவருடைய யோசனைகளைப் பொறுமையாகக் கேட்டுவிட்டுத் தாம் நினைத்ததையே செய்தார். ஆனால் ஒரு நாள் அவருக்குக் கிடைத்தது. 1718 ஆகஸ்ட் 26 அன்று, துயிலரி அரண்மனையில், எட்டு வயது அரசரின் முன்னிலையில் நீதிமன்றத்தினர் சிவப்பு அங்கிகளோடு வரிசையாக அமர, மேன் டியூக்கின் உயர்ந்த தகுதி பறிக்கப்பட்டது. அந்தச் சபைக்கான மேடையையும் இருக்கைகளையும் ரகசியமாகத் தயார் செய்வதில் சான் சிமோனே முன்னின்றிருந்தார். தம் இதயம் அளவுமீறி விரிந்து, மேலும் விரிய இடமின்றித் தவித்தது என்றும், மகிழ்ச்சியால் செத்துக்கொண்டிருந்தேன் என்றும், அதை அடக்கிக்கொண்டிருந்த வேதனையே இன்பமாக இருந்தது என்றும் எழுதுகிறார். பகைவன் வீழ்வதைக் காணும் மகிழ்ச்சியை இவ்வளவு பச்சையாக ஒப்புக்கொண்டவர்கள் அரிது. அழகான உணர்வல்ல, ஆனால் அதை மறைத்திருந்தால் நான் அவரை இவ்வளவு நம்பியிருக்கமாட்டேன்.

1721-இல் ஸ்பெயினுக்குச் சிறப்புத் தூதராகப் போய், மூன்று வயது ஸ்பானிய இளவரசியைப் பதினைந்தாம் லூயிக்கு நிச்சயிக்கும் பணியை முடித்தார். அங்கே பெரியம்மை கண்டு பிழைத்தார். ஸ்பெயினின் உயர்குடிப் பட்டத்தோடும் பெருங்கடனோடும் திரும்பினார். 1723 டிசம்பர் 2-இல் ஆர்லேயான் டியூக் திடீரென்று இறந்ததும் அரசவை வாழ்வு முடிந்தது. அப்போது அவருக்கு 48 வயது. இன்னும் 31 ஆண்டுகள் பாரிஸிலும் லா ஃபெர்தே-விதாம் என்ற தம் நாட்டுப்புற மாளிகையிலும் வாழ்ந்தார்.

தாஞ்ஜோ என்ற அரசவைக்காரர் 1684 முதல் 1720 வரை நாள்தோறும் எழுதி வந்த குறிப்பேட்டின் படி ஒன்று அவர் கைக்கு வந்தது. குமட்டல் வரும் அளவுக்குச் சுவையற்றது என்று அதைத் திட்டினார். ஆனால் ஒவ்வொரு நாளும் எங்கே என்ன நடந்தது என்ற எலும்புக்கூடு அதில் இருந்தது. முதலில் அதன் ஓரங்களுக்கான குறிப்புகளை எழுதிக் குவித்தார். பிறகு 1739-இல், 64-ஆவது வயதில், முழு நினைவுக் குறிப்புகளையும் இறுதி வடிவில் எழுதத் தொடங்கிப் பத்தாண்டுகளில் முடித்தார். பெரிய தாள்களில் நெருக்கமாக எழுதிய 2,800-க்கும் மேற்பட்ட பக்கங்கள். அதே ஆண்டுகளில்தான் புதுச்சேரியில் ஆனந்தரங்கப் பிள்ளை தம் தமிழ் நாட்குறிப்பை எழுதிக்கொண்டிருந்தார் என்பது என் மனத்தில் அடிக்கடி வந்துபோகும். ஒருவர் பெயர்கூட மற்றவருக்குத் தெரிந்திருக்க வாய்ப்பில்லை. சான் சிமோனின் வாக்கியங்கள் இலக்கணத்தை முறித்துக்கொண்டு ஓடுகின்றன. எழுவாய் ஓரிடத்தில் இருக்கும், பயனிலை எங்கோ காணாமல் போயிருக்கும். நான் ஒருபோதும் இலக்கியக் கழகத்துக்கு ஏற்றவனாக இருந்ததில்லை, வேகமாக எழுதும் பழக்கத்தை விட முடியவில்லை என்று அவரே கடைசிப் பக்கங்களில் சொல்கிறார். வரலாற்றாசிரியர்கள் அவர் சொன்ன பல செய்திகளைத் திருத்தியிருக்கிறார்கள். நடந்து முப்பது ஆண்டுகளுக்குப் பின், பகை ஆறாத மனத்தோடு எழுதியவரிடம் பிழைகள் இல்லாமல் இருக்குமா? முகங்களைப் பற்றி அவர் எழுதியதைத்தான் யாராலும் அழிக்க முடியவில்லை.

1755 மார்ச் 2-இல் அவர் இறந்தார். இரு மகன்களும் அவருக்கு முன்பே, 1746-லும் 1754-லும் இறந்துவிட்டிருந்தார்கள். எந்தப் பட்டத்துக்காக வாழ்நாளெல்லாம் போராடினாரோ அது அவரோடு முடிந்தது. கடன்காரர்களுக்காகக் காகிதங்கள் முத்திரையிடப்பட்டன. 1760 இறுதியில் அரசாணையின்படி அவை வெளியுறவுத் துறையின் ஆவணக் களஞ்சியத்துக்குப் போயின. சிலர் களவாகவும் சலுகையாலும் படித்தார்கள். சிதைந்த பகுதிகள் அச்சாயின. நம்பகமான முதல் பதிப்பு 1829-இல்தான் வரத் தொடங்கி 21 தொகுதிகளாக நிறைவடைந்தது. அதற்குள் வெர்சாயில் அரசர் இல்லை, டியூக்குகளின் முக்காலிக்கும் பொருளில்லை. நாவலாசிரியர்கள் ஸ்தாந்தாலும் பின்னாளில் மார்செல் புரூஸ்தும் அவரைத் தீராத ஆர்வத்தோடு படித்தார்கள்.

நான் சொல்லாமல் விட்டது ஒன்று இருக்கிறது. 1743 ஜனவரி 21-இல் அவர் மனைவி இறந்தார். அப்போது எழுதிக்கொண்டிருந்த கையெழுத்துப் பிரதியில், அந்த இடத்தில் எழுத்து நின்று, கண்ணீர்த் துளிகளின் வரிசையும் சிலுவையும் வரையப்பட்டிருக்கின்றன. ஏறக்குறைய ஆறு மாதங்கள் அவர் எழுதவில்லை. திரும்பி வந்து ஜூலையில் எழுதியது ஒரு முன்னுரை: தம் காலத்தின் வரலாற்றை, அதிலும் பிறர் குற்றங்களை, எழுதவும் படிக்கவும் ஒரு கிறிஸ்தவருக்கு அனுமதி உண்டா என்ற கேள்வி. இளமையில், 1699-இல், இதையேதான் அவர் ரான்சேயிடம் கடிதத்தில் கேட்டிருந்தார். உண்டு என்று தமக்குத்தாமே பதில் சொல்லிக்கொண்டு மறுபடி பேனாவை எடுத்தார்.

உயிலில், லா ஃபெர்தே-விதாம் தேவாலயத்தின் நிலவறையில் தம் சவப்பெட்டியை மனைவியின் பெட்டியோடு சேர்த்து வைத்து, உடைக்காமல் பிரிக்க முடியாதபடி இரும்பு வளையங்களாலும் கொக்கிகளாலும் பட்டைகளாலும் இறுக்கிப் பிணைக்கச் சொல்லியிருந்தார். பிரெஞ்சுப் புரட்சிக் காலத்தில் அந்தக் கல்லறையை உடைத்துத் திறந்துவிட்டார்கள். காகிதங்கள் அப்போது ஆவணக் களஞ்சியத்தில் பூட்டுக்குள் இருந்தன.